ஒரே ஆசிரியர், ஐந்து பாடங்கள்: தனி வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் குறைகிறது என்றுதான் பெரும்பாலும் ஒரு பிள்ளைக்குத் தனி டியூஷன் ஏற்பாடு செய்கிறார்கள். "அஞ்சு பாடத்தையும் எப்படி முடிப்பீங்க?" என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வியாக இருக்கும். எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து பாடங்களில் வெளியே தெரியும் குறைகளுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று காரணங்கள்தான். பாடத்துக்கு ஒருவராக வந்து போகும் ஆசிரியர்கள் கண்ணில் அது சுலபமாகப் படாது. ஒரே பிள்ளையின் எல்லா நோட்டுகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத் தெரியும். இந்த வசதியைப் பயன்படுத்தாமல், பள்ளியில் நடத்தியதையே வீட்டில் இன்னொரு முறை நடத்துவதுதான் தனி வகுப்புகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

ஓர் உதாரணம். வரைபடத்தின் அளவுகோல் 1:50,000 என்றால், தாளில் 4 செ.மீ. என்பது நிலத்தில் 2 கி.மீ. இது புவியியல். ஒரு மோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) நீரின் நிறை 18 கிராம், ஆகவே 36 கிராம் நீர் 2 மோல். இது வேதியியல். 200 கிராம் பொருளின் கனஅளவு 80 கன செ.மீ. என்றால் ஒரு கன செ.மீ.க்கு 2.5 கிராம். இது இயற்பியலில் வரும் அடர்த்தி. மூன்று இடத்திலும் "இங்க பெருக்கணுமா, வகுக்கணுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கு மூன்று பாடத்திலும் பயிற்சி தேவையில்லை. 'ஒன்றுக்கு இவ்வளவு என்றால் இத்தனைக்கு எவ்வளவு' என்ற ஒரே இடத்தில்தான் சிக்கல். சூத்திரங்களை ஓரமாக வைத்துவிட்டு அதை மட்டும் எடுத்து, சிறிய எண்களில் தொடங்கி, அலகுகளையும் சேர்த்து எழுதிப் பழக்கினால் மூன்று பாடங்களும் சேர்ந்தே நகரும்.

அதனால் முதல் இரண்டு வகுப்பில் எதையும் நடத்தாதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் கடைசியாக எழுதிய இரண்டு மூன்று விடைத்தாள்களைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் போன கேள்விகளை, அவற்றின் விடையைக் காட்டாமல், மறுபடி செய்யச் சொல்லுங்கள். இப்போது சரியாகச் செய்தால், அன்று நேரம் போதாமலோ பதற்றத்திலோ போயிருக்கலாம். மறுபடியும் தவறினால், அதே தவறா, வேறு தவறா என்று பாருங்கள். அதே தவறு திரும்ப வந்தால் அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 503-இலிருந்து 267-ஐக் கழித்து 364 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது: 3-க்கும் 7-க்கும் 4, 0-க்கும் 6-க்கும் 6, 5-க்கும் 2-க்கும் 3. தனக்குத் தெரிந்த விதியை மிகவும் கவனமாகத்தான் பின்பற்றுகிறது. "கவனமா போடு" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் 236 வராது. 503 என்பது 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று என்றும் பிரியும் என்பதைக் குச்சிக் கட்டுகளை வைத்துக் காட்டினால் வரும்.

அடுத்தது வாசிப்பு. அறிவியல் அல்லது வரலாற்றுப் புத்தகத்தில் பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பத்தியை எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடியதும், அதில் என்ன சொல்லியிருந்தது என்று சொந்த வார்த்தையில் கேளுங்கள். கோர்வையாகச் சொல்ல முடியவில்லை என்றால், அது அறிவியலில் உள்ள குறை இல்லை. தினமும் பத்து நிமிடம், அந்தந்தப் பாடப் புத்தகத்திலிருந்தே ஒரு பத்தி, மூடிவிட்டுச் சொல்வது என்று வைத்துக்கொண்டால் வாசிப்பும் பாடமும் ஒன்றாகவே முன்னேறும்.

மூன்றாவது, கேள்வியைப் புரிந்துகொள்வது. பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களைக் கேட்டால் 1789-இல் பாஸ்டில் சிறை விழுந்ததில் தொடங்கி நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு வருவார்கள். படித்தது உண்மை, கேட்டதற்கு விடை எழுதாததும் உண்மை. உயிரியலிலும் மொழிப் பாடத்திலும் இதே கதைதான். 'காரணம் கூறுக', 'விளக்குக', 'ஒப்பிடுக', 'வேறுபடுத்துக' ஒவ்வொன்றும் விடையில் எதை எதிர்பார்க்கிறது என்பதை எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக ஒருமுறை உட்கார்ந்து பழக்குங்கள். ஒப்பிடச் சொன்னால் இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்துக்குள் வர வேண்டும். இதை ஒருவர் உட்கார வைத்துச் சொல்லித் தரும்வரை பல பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை.

இனி நேரம். ஒன்றரை மணி நேர வகுப்பில் இரண்டு பாடத்துக்கு மேல் தொடாதீர்கள். ஐந்தையும் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து, பதினெட்டு நிமிடம்தான் கிடைக்கும்; புத்தகத்தை எடுத்து வைப்பதிலேயே பாதி போய்விடும். முதல் பத்து நிமிடம், போன வகுப்பில் செய்ததைப் புத்தகம் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு நாற்பது நிமிடம் முக்கியமான பாடம், ஐந்து நிமிடம் ஓய்வு, இருபத்தைந்து நிமிடம் இரண்டாவது பாடம். கடைசிப் பத்து நிமிடத்தில் இன்று எதைக் கற்றோம், அடுத்த வகுப்புக்குள் எதைச் செய்ய வேண்டும் என்று பிள்ளையே எழுத வேண்டும். இரண்டு பாடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். கணக்குக்குப் பின் இயற்பியல் வைத்தால் களைப்பு இரட்டிப்பாகும், கணக்குக்குப் பின் மொழியோ வரலாறோ நல்லது. எந்தப் பாடத்துக்கு எத்தனை வகுப்பு என்பதை வாராவாரம் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் ஆசிரியருக்குப் பிடித்த பாடம் அவரை அறியாமலே நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

அந்த முதல் பத்து நிமிடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது நெடுநாள் தங்கும் என்று ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. படித்து ஐந்து நிமிடத்தில் பரீட்சை வைத்தால் திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நிலைமை மாறியிருந்தது. வகுப்பில் "எல்லாம் தெரியும்" என்று தோன்றி, பள்ளித் தேர்வில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனி வகுப்பில் எதிரே ஒரே ஒரு பிள்ளை இருப்பதால் ஆசிரியர் பேசிக்கொண்டே போவது மிக எளிது. பேனா பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு மரியாதைக்காகவாவது "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும்; அதற்குப் பதிலாக "இந்த வரி எப்படி வந்துச்சுன்னு சொல்லு" என்று கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே விடைகள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். மூன்று நொடி என்பது உட்கார்ந்திருப்பவருக்கு மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பிள்ளை முட்டி நிற்கும்போது உடனே செய்து காட்டாதீர்கள். முதலில் கேள்வியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு எது தெரியும், எது தெரியாது என்று கேளுங்கள். அடுத்து இதே மாதிரி ஓர் எளிய கணக்கு. அதற்கும் வராவிட்டால் மட்டும் முழுதாகச் செய்து காட்டுங்கள். அப்படிக் காட்டினால் அதோடு நிற்காமல், அதே வகையில் இன்னொன்றைக் கடைசிப் படியை விட்டுவிட்டும், மூன்றாவதை இரண்டு படிகளை விட்டுவிட்டும் கொடுங்கள். நான்காவதைப் பிள்ளை தனியாகவே போடும்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரையைத் தனி வகுப்பின் பெருமைக்குச் சான்றாகப் பலரும் காட்டுவார்கள். தனியாகக் கற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரை மிஞ்சியதாக அதில் வருகிறது. அவ்வளவு பெரிய பலனைப் பிற்கால ஆய்வுகள் காட்டவில்லை. பலன் உண்டு, ஆனால் அதைவிடக் குறைவு. பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று: அந்த மாணவர்களுக்கு அவ்வப்போது சிறு தேர்வு வைத்து, தவறியதைத் திருத்திய பிறகே அடுத்ததற்குப் போனார்கள். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதால் மட்டும் மதிப்பெண் உயராது.

இந்தத் திருத்தத்துக்கு ஒரே ஒரு நோட்டு போதும். பாடத்துக்கு ஒன்றாக வைக்காதீர்கள். எல்லாப் பாடத் தவறும் ஒன்றிலேயே வரட்டும். தேதி, கேள்வி, எழுதிய விடை, ஏன் அப்படி எழுதினேன், சரியான விடை. நான்காவதைப் பிள்ளையே தன் வார்த்தையில் எழுத வேண்டும். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். ஒரு மாதம் போனால் இயற்பியலில் அலகு விடுபட்டதும், கணக்கில் கிராமைக் கிலோவாக மாற்றாததும் அடுத்தடுத்த பக்கத்தில் நிற்கும். வாரம் ஒருமுறை பழைய பக்கத்திலிருந்து ஐந்து கேள்வியை, பாடங்களைக் கலந்து, மறுபடி கொடுங்கள்.

வீட்டுப்பாடமும் நாளைய தேர்வும் இந்தத் திட்டத்தை எப்போதும் விழுங்கப் பார்க்கும். வீட்டுப்பாடத்துக்கு வகுப்பில் இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதிலும் பிள்ளை முட்டிய கேள்விகளை மட்டும் பாருங்கள். ஆசிரியர் உதவியோடு சுத்தமாக முடித்த வீட்டுப்பாடம் பள்ளி ஆசிரியரையும் ஏமாற்றுகிறது: பிள்ளைக்கு எது வரவில்லை என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று, நீங்கள் காட்டுவது வேறொன்று என்றால், முதலில் பள்ளி முறையையே உறுதியாக்குங்கள், குறுக்குவழி பிறகு.

எல்லாப் பாடத்தையும் ஒருவரே பார்ப்பதற்கும் எல்லை உண்டு. நடுநிலை வகுப்புகள்வரை பெரும்பாலும் சமாளிக்கலாம். மேல்நிலையில் உங்களுக்கு உறுதியில்லாத பாடத்தை அந்தப் பாடம் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். தெரியாத கேள்வி வந்தால் "பார்த்துட்டு அடுத்த வகுப்புல சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி அடுத்த வகுப்பில் சொல்லுங்கள். பெற்றோருக்கு ஒன்று: வீட்டில் நடக்கும் வகுப்பை மூடிய அறையில் வைக்க வேண்டாம். வீட்டார் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்து பதில் எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம்.

சில குறைகள் வகுப்புப் பயிற்சியால் மட்டும் தீராதவை. கரும்பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் தவறு கூடினால் முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். வாயால் கேட்டால் நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளை, மாதக் கணக்கில் தொடர்ந்து பழகியும் எழுத்துக்கூட்டித் தட்டித் தடவியே வாசித்தால் டிஸ்லெக்சியா (வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் காட்டச் சொல்லுங்கள். அது சோம்பேறித்தனமும் இல்லை, அறிவுக் குறையும் இல்லை. அந்த முடிவு வரும்வரை வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டி, விடையை வாயால் சொல்ல விட்டுத் தொடரலாம்.