உணவு மானியம் ஒரே ஆண்டில் பெருகியது ஏன்?

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. உழவரிடம் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்கிய நெல்லையும் கோதுமையையும் கிடங்கில் சேமித்து, ரேஷன் கடைகளுக்காக மாநிலங்களுக்கு அனுப்புவது அதன் பணி. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 2022 இறுதி வரை ரேஷன் அரிசியின் விலை கிலோ 3 ரூபாயாக இருந்தது. கொள்முதல், அரவை, சாக்கு, கிடங்கு, போக்குவரத்து, வட்டி என அனைத்தும் சேர்ந்து 2020 வாக்கில் கழகத்துக்கு ஆன செலவோ கிலோவுக்கு 35 ரூபாய்க்கும் மேல். இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட மத்திய அரசு தருவதே உணவு மானியம்.

2016-17 முதல் அரசு இந்த மானியத்தை முழுமையாகத் தராமல், மீதிக்குத் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகம் கடன் வாங்கிக்கொள்ள வழி செய்தது. அஞ்சலகச் சேமிப்பிலும் செல்வமகள் திட்டத்திலும் மக்கள் போடும் பணம் சேருகிற நிதி அது. கடன் கழகத்தின் பெயரில் இருந்ததால், அத்தொகை அரசின் செலவிலும் வரவில்லை, வரவை மிஞ்சும் செலவான நிதிப் பற்றாக்குறையிலும் வரவில்லை. ஆனால் அதைத் திருப்பிக் கட்டக் கழகத்துக்குத் தனி வருமானம் ஏது? அசலையும் வட்டியையும் பின்னாளில் அரசுதான் தந்தாக வேண்டும்; அந்த வட்டியும், அரசு நேரடியாகச் சந்தையில் கடன் வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட அதிகம். 2019-20 பட்ஜெட்டில் 1.84 லட்சம் கோடி ரூபாயாக இருந்த உணவு மானியம், அதே ஆண்டுக்குப் பின்னர் வெளியான திருத்திய மதிப்பீட்டில் 1.09 லட்சம் கோடியாகச் சுருங்கியது இவ்வாறுதான். அதைச் சிக்கனம் என்று கொள்வது தவறு. தானியம் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது, கடன்தான் ஏறியது. 2020 மார்ச் இறுதியில் அந்தக் கடன் பாக்கி சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய்.

2021 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்தக் கடன் முறை நிறுத்தப்படுவதாகவும் மானியம் இனி பட்ஜெட்டிலிருந்தே வழங்கப்படும் என்றும் அறிவித்தார். 2020-21-க்கு முதலில் 1.16 லட்சம் கோடியாக மதிப்பிடப்பட்ட உணவு மானியம், திருத்திய மதிப்பீட்டில் 4.23 லட்சம் கோடியாயிற்று. கொரோனா காலத்தில் கூடுதலாக இலவச தானியம் வழங்கியது இந்த உயர்வுக்கு ஒரு காரணம். முந்தைய ஆண்டுகளின் கடன் சுமை கணக்குக்குள் வந்தது மற்றொன்று. இரண்டையும் பிரிக்காமல், அரசு ஏழைகளுக்காக நான்கு மடங்கு செலவிட்டது என்று சொல்வதும், மானியம் கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்று சொல்வதும் ஒரே அளவுக்குப் பிழையானவை. அவ்வாண்டு நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9.5 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. வரி வருவாய் வீழ்ந்ததோடு இந்தக் கணக்கு மாற்றமும் அதில் அடங்கும்.

கணக்கில் பற்றாக்குறை பெரிதாகத் தெரிந்தாலும் இம்மாற்றம் சரியானதே என்பது என் உறுதியான கருத்து. நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் தொகையில் மானியத்தின் முழு அளவும் தெரிந்தால்தான் உறுப்பினர்கள் அதைக் கேள்வி கேட்க முடியும். ரேஷன் அட்டைதாரரின் உரிமையில் இதனால் எந்த மாற்றமும் இல்லை.