கிராவல்னு ஆர்டர் பண்ணா எது வந்து இறங்குது?

செங்கோட்டை, புளியரை பக்கம் சைட் பாக்குற இன்ஜினியர் நான். "சார், பேஸ்மென்ட்டுக்கு கிராவல் அடிச்சாச்சு, தளம் போட்டுரலாமா"ன்னு அடிக்கடி போன் வரும், போய்ப் பாத்தா பேருக்குக்கூட சரளை இருக்காது, செவப்பா களிமண்ணு செருப்புல அப்பிக்கிட்டு வரும்.

லாரிக்காரர சொல்லிக் குத்தமில்ல. நம்ம பக்கம் கிராவல்னாலே கல்லு கலந்த செம்மண்ணுதான். ஆனா மண்ண வகை பிரிக்கிற இந்திய தரக்குறியீடு ஐஎஸ் 1498 படி 4.75 எம்எம்ல இருந்து 80 எம்எம் வரைக்கும் உள்ள கல்லுதான் கிராவல், அதுக்குக் கீழ 0.075 எம்எம் வரை மணல், அதுக்கும் கீழ போனா வண்டலும் களியும். ஆரியங்காவு தாண்டி புனலூர் போனா சரல்னு சொல்வாங்க, நம்ம சரளைதான், அங்க மெட்டல்னு கேட்டீங்கன்னா உடைச்ச ஜல்லிய இறக்கிருவாங்க.

வார்த்தை என்னவோ பழைய பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்குப் போனது, கரையோரத்து பருமணல், கூழாங்கல்லு. பாரிஸ்ல சீன் ஆத்தங்கரையில அப்படி ஒரு இடத்துக்கு கிரேவ்னே பேரு, வேலை தேடுறவங்க அங்கதான் வந்து நிப்பாங்களாம், பிரெஞ்சுல ஸ்ட்ரைக்குக்கு அந்தப் பேரு வந்ததும் அதுலருந்துதான் (நம்ம கொத்தனாரு, சித்தாளெல்லாம் காலையில பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரியேதான்). அந்தக் கால இங்கிலீஷ் வைத்தியத்துல ஒன்னுக்குல வர்ற பொடிக் கல்லுக்கும் கிராவல்னுதான் பேரு.

சரி, விஷயத்துக்கு வருவோம். களி அதிகமா இருந்தா சாரல் சீசன்ல தண்ணியக் குடிச்சு உப்பும், வெயில்ல சுருங்கும், அப்புறம் டைல்ஸ தட்டிப்பாருங்க, டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். அதனால ஒரு வாட்டர் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு போட்டு தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி வைங்க, கல்லும் மணலும் உடனே அடியில உக்காந்துரும், களி மணிக்கணக்கா கலங்கலாவே நிக்கும். ஈரமண்ண உள்ளங்கையில உருட்டுங்க, 3 எம்எம் திரியா உடையாம நீண்டுச்சுன்னா அதுல களி இருக்குன்னு அர்த்தம், வேண்டாம்னு திருப்பி அனுப்பிருங்க. நல்ல மண்ணா இருந்தாலும் மொத்தமா கொட்டி நிரப்பக்கூடாது, அரை அடி அரை அடியா போட்டு தண்ணி விட்டு திம்சு போட்டு இடிச்சு இறுக்கணும்.

அப்புறம் இன்னொன்னு, ஒரு யூனிட்னா 100 கன அடி. டிப்பர் தூக்குறதுக்கு முன்னாடியே பாடியோட நீளம் அகலம் உயரத்த டேப் வச்சு அளந்துக்கோங்க, கொட்டுனப்புறம் அளவு பேசுனா ஒருத்தரும் காது குடுக்க மாட்டாங்க.