காதுக்கு எட்டாத பேஸ் காலை எப்படி ஆட வைக்கிறது?

கனடா ராப் பாடகர் கார்டினல் ஆஃபிஷாலின் பாட்டை போனில் கேட்டால் சப்பென்று இருக்கிறது, பெரிய ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

போன் விஷயம் எளிது. அந்தக் குட்டி ஸ்பீக்கரால் பேஸை, அதாவது பாட்டின் அடியில் அதிரும் தாழ்ந்த ஒலியை, உருப்படியாக எழுப்பவே முடியாது, கார்டினலின் பாட்டில் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஜமைக்காவிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய பெற்றோரின் பிள்ளை, 1976-இல் பிறந்தவர், டொராண்டோக்காரர். 1998-இல் 'நார்தர்ன் டச்' கூட்டுப்பாட்டு, அப்புறம் டொராண்டோத் தெருப்பேச்சையே பாட்டாக்கிய 'பக்கார்டி ஸ்லாங்', 2008-இல் பாடகர் ஏகானோடு சேர்ந்து, அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் 5-ஆம் இடம் வரை போன 'டேஞ்சரஸ்'. பாடுவதோடு இசைத் தயாரிப்பும் செய்கிறவர். ராப் என்று பெயர் இருந்தாலும் உள்ளே ஓடுவது ஜமைக்க இசை வகைகளான டான்ஸ்ஹாலும் ரெக்கேயும்தான். ஆளுயரப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி நெஞ்சு அதிரப் பாட்டுப் போடும் ஜமைக்க சவுண்ட் சிஸ்டம் மரபில் வந்த இசை அது.

சரி, கால் ஏன் ஆடுகிறது? இதற்கு அருமையான பதில் டொராண்டோவுக்குப் பக்கத்திலேயே, ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே நிஜமான ஒரு எலக்ட்ரானிக் இசைக் கச்சேரியையே சோதனையாக்கினார்கள். ஆட வந்தவர்களில் பலர் தலையில் பட்டை கட்டிக்கொண்டார்கள், அசைவை கேமராக்கள் அளந்தன. வழக்கமான ஸ்பீக்கர்களோடு 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரை (நொடிக்கு அத்தனை அதிர்வு) மட்டும் எழுப்பும் தனி ஸ்பீக்கர்களும் இருந்தன, அவற்றை இரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறை போடுவதும் அணைப்பதுமாக இருந்தார்கள். நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது என்பது தெரிந்ததுதானே? தனியாகச் சோதித்தபோதும் அந்தத் தாழ்ந்த ஒலி ஓடுகிறதா இல்லையா என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அது ஓடிய நிமிடங்களில் அசைவு சராசரியாக 11.8 சதவீதம் கூடியிருந்தது! மனசுக்குத் தெரியாமலே உடம்பு பதில் சொல்லியிருக்கிறது. 2022-இல் வெளியான இந்த முடிவு எனக்கு இன்னும் வியப்பு அடங்காத ஒன்று. தோலின் தொடு உணர்வும், உட்காதில் உடல் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பும் இந்த அதிர்வை வாங்கி, அசைவை இயக்கும் மூளைப் பகுதிகளுக்குக் கடத்துகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அதே பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வு ஒன்றும் உண்டு. ஒரே சமயத்தில் ஒலிக்கும் இரண்டு பியானோ சுரங்களில் ஒன்றை மட்டும் 50 மில்லிசெகண்ட் முந்தி ஒலிக்க வைத்தால், முந்தியது கீழ்ச்சுரமாக இருக்கும்போதுதான் மூளை அதிகம் துள்ளுகிறது. தாளத்தைத் தாங்கும் வேலையை பேஸுக்குக் கொடுத்த ஜமைக்கக் கலைஞர்கள் இதைக் காதாலேயே கண்டுபிடித்தவர்கள்.

டான்ஸ் ஆடுவதை அளக்க அரசுப் பணமா என்று முகம் சுளிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாளம் கேட்க வைத்து நடைப்பயிற்சி தருவது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. எந்த அதிர்வு எந்த வழியாகக் காலுக்குப் போகிறது என்று தெரிந்தால் அந்தச் சிகிச்சையை இன்னும் கூர்மையாக்க வழி பிறக்கும்.