கோயில் நகை செய்யும் ஆசாரிகளுக்கு: புவிசார் குறியீட்டில் உங்கள் சொந்தப் பெயரைப் பதிவது எப்படி

வெள்ளித் தகட்டை நறுக்கி, வளைத்து, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதிச் சின்னச் சின்னக் கூடுகளாகக் கட்டுவார்கள். கூட்டுக்குள் அரக்கை உருக்கி நிரப்புவார்கள். அதன்மேல் சிவப்புக் கெம்புக் கல்லை உட்கார வைத்து, கல்லைச் சுற்றி மெல்லிய தங்கத் தகடான ரேக்கை அழுத்திப் பொதிவார்கள். ரேக்கு சரியாகப் படியாவிட்டால் கல் நிற்காது. நின்றாலும் ஒளி வராது. நாகர்கோவிலில், முக்கியமாக வடசேரியில், இப்படித்தான் கோயில் நகை செய்கிறார்கள். சாமிக்குச் சாத்துவதற்காக வந்த இந்த வேலைதான் பிறகு பரதநாட்டிய மேடைக்கும் போனது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம் எல்லாம் இந்தக் கைகள் செய்தவை.

‘நாகர்கோவில் கோயில் நகை’ 2007-08ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு, அதாவது ஊரோடு சேர்ந்த பொருளின் பெயரைக் காக்கும் பதிவு, பெற்றுவிட்டது. இதைக் கேட்டதும் பலர் நினைப்பது, “ஊருக்குக் கிடைத்துவிட்டது, அப்போ நமக்கும் சேர்த்துத்தான்” என்று. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு ஒவ்வொரு ஆசாரியும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே விளக்குகிறேன்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறியது. 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா முழுமைக்கும் ஒரே பதிவகம்தான், அது சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே வைத்திருக்கும் பதிவேட்டில் இரண்டு பகுதிகள். ‘ஏ’ பகுதியில் பொருளின் பெயரும், அந்தப் பெயரைப் பதிவு செய்த சங்கம் அல்லது அமைப்பின் பெயரும் இருக்கும். ‘பி’ பகுதியில் அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமை பெற்ற ஒவ்வொருவரின் பெயரும் தனித்தனியாக இருக்கும். இவர்களைச் சட்டம் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்கிறது.

ஊருக்குக் கிடைத்தது ‘ஏ’ பகுதி. ஆசாரிக்கு வேண்டியது ‘பி’ பகுதி.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், சட்டத்தின் 21ஆம் பிரிவு பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமையை ‘பி’ பகுதியில் உள்ள பயனாளருக்கே கொடுக்கிறது. யாராவது அந்தப் பெயரைத் திருடினால் வழக்குப் போடும் உரிமை, பெயரைப் பதிந்த அமைப்புக்கும் உண்டு, பயனாளருக்கும் உண்டு. பெயர் பதியாத ஆசாரி நகை செய்யக் கூடாது என்று சட்டம் எங்கும் தடுக்கவில்லை. ஆனால் அச்சில் வார்த்த பித்தளைச் சாமானை ஒருவர் ‘நாகர்கோவில் கோயில் நகை’ என்று எழுதி விற்கும்போது, தலைமுறையாகக் கோயில் நகை வேலையைச் செய்கிற அந்த ஆசாரி இந்தச் சட்டத்தைக் காட்டித் தன் பெயரில் நீதிமன்றம் போக முடியாது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம். ஏனென்றால் இதைச் சரிசெய்ய ஆகும் கட்டணம் 10 ரூபாய்தான். முன்பு 500 ரூபாயாக இருந்ததை 2020இல் விதிகளைத் திருத்திப் பத்தாகக் குறைத்தார்கள்.

சரி, யார் விண்ணப்பிக்கலாம்? அந்தப் பொருளை ‘உற்பத்தி செய்பவர்’ என்று உரிமை கோரும் எவரும். கைவினைப் பொருளைப் பொறுத்தவரை, செய்கிறவரைத்தான் சட்டம் முதலில் உற்பத்தியாளர் என்கிறது. பட்டறை யாருடையது, கடை யாருடையது என்று அது கேட்கவில்லை. அதனால் வியாபாரியிடம் வெள்ளியும் கல்லும் வாங்கிக் கூலிக்குச் செய்து கொடுப்பவரும் ‘நான் செய்கிறேன்’ என்று விண்ணப்பிக்க இடம் இருக்கிறது. ஒரே வீட்டில் அப்பா கூடு கட்ட, மகள் கல் பதிக்கிறார் என்றால் இருவரும் தனித்தனியாகக் கேட்கலாம். சொந்தமாகச் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவோ, ஜிஎஸ்டி எண்ணோ இல்லையே என்று தயங்கி நிற்க வேண்டாம்.

இதே வரையறையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பொருளை வாங்கி விற்கும் வியாபாரியையும் சட்டம் உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறது. அவரும் பயனாளராகப் பதியலாம், அதில் தவறில்லை. ஆனால் வியாபாரிகளின் பெயர்கள் மட்டும் ‘பி’ பகுதியில் ஏறி, உலையில் ஊதுகிறவரின் பெயர் ஏறாமல் போனால், அந்தப் பெயருக்கு விலை கூடும்போது பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆசாரிகள் முந்திக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

விண்ணப்பம் ஜி.ஐ.-3 என்ற படிவத்தில் போடுவது. பெயர், முகவரி, எந்தப் புவிசார் குறியீட்டுக்கு என்ற விவரம் எல்லாம் எளிதாக நிரப்பிவிடலாம். சிக்கல் வருவது, படிவத்தோடு வைக்க வேண்டிய விவர அறிக்கையில். ‘நான்தான் இதைச் செய்கிறவன்’ என்பதை நீங்களே விளக்கி எழுதும் தாள் அது. இங்கேதான் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள், அல்லது யாரோ எழுதிக் கொடுத்த பொதுவான நான்கு வரிகளை அப்படியே வைத்துவிடுகிறார்கள். எழுத வேண்டியது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். கிட்டத்தட்ட இப்படி:

“நான் வடசேரியில் குடியிருக்கிறேன். என் தந்தையிடம் இந்த வேலையைக் கற்றேன். இத்தனை வருடமாகச் செய்து வருகிறேன். வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, அரக்கு நிரப்பி, கெம்புக் கல் வைத்து, தங்க ரேக்குப் பொதிந்து கையாலேயே முடிக்கிறேன். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, மாட்டல் ஆகியவற்றை அதிகம் செய்கிறேன். வேலை செய்யும் இடம் என் வீட்டின் முன்னறை. கருவிகள் இவை.”

இவ்வளவுதான். அலங்காரச் சொற்கள் வேண்டாம், ‘பாரம்பரியப் பெருமை’ என்றெல்லாம் எழுத வேண்டாம். எந்த ஊரில், எந்தப் பொருளை வைத்து, எந்த முறையில் செய்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். முதலில் தமிழில் எழுதுங்கள், அப்புறம் தெரிந்தவர் ஒருவரை வைத்து ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது ‘ரேக்கு’ ‘முலாம்’ ஆகிவிடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை, உங்களைவிட அது யாருக்கும் நன்றாகத் தெரியாது.

எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். இந்த நகைக்கான பதிவு ஆவணம் பதிவகத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பொருள் என்ன, மூலப்பொருள் என்ன, எந்த எல்லைக்குள், எந்த முறையில் செய்வது என்ற விவரங்கள் அதில் உண்டு. உங்கள் செய்முறை அதோடு ஒத்துப்போக வேண்டும். செம்பிலும் செய்து வெள்ளியிலும் செய்கிறவராக இருந்தால், ஆவணத்தில் உள்ளபடி செய்யும் நகைகளுக்கு மட்டுமே அந்தப் பெயரைக் கோருங்கள்.

ஆதாரமாக என்ன வைக்கலாம் என்று கேட்டால், மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு வழங்கும் ‘பெஹ்சான்’ அடையாள அட்டை இருந்தால் நல்லது. இருப்பிடச் சான்று, பட்டறையில் வேலை செய்யும் படங்கள், செய்த நகைகளின் படங்கள், பழைய ஆர்டர் சீட்டுகள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

பெயரைப் பதிந்த அமைப்பு சம்மதக் கடிதம் கொடுத்தால் நடைமுறை சுலபம். அவர்களோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லையென்றாலும் கதவு மூடிவிடாது. விண்ணப்பத்தின் நகலை அவர்களுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய விவரத்தைப் பதிவகத்துக்குத் தெரிவியுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீதே ஆதாரம்.

அதன்பின் உங்கள் விண்ணப்பம் புவிசார் குறியீட்டு இதழில் வெளிவரும். வெளிவந்த நாளிலிருந்து 3 மாதம் வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். கேட்டால் இன்னும் ஒரு மாதம் வரை நீட்டித்துத் தருவார்கள். எதிர்ப்பு வந்தால் பயப்பட வேண்டாம், பதில் கொடுக்க உங்களுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் பதிவகத்திலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், பதில் சொல்லக் காலக்கெடு இருக்கும். எல்லாம் முடிந்ததும் ‘பி’ பகுதியில் பெயர் ஏறும், சான்றிதழ் வரும்.

இனி, அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு போலியை எப்படி எதிர்ப்பது? இரண்டு வழி உண்டு.

ஒன்று சிவில் வழக்கு. மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள நீதிமன்றம் இதை விசாரிக்க முடியாது. ஆனால் 66ஆம் பிரிவில் ஆசாரிகளுக்கு மிகவும் உதவுகிற ஒரு வரி இருக்கிறது: வழக்குத் தொடுப்பவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். போலியை விற்றவர் வடநாட்டில் ஏதோ ஒரு நகரத்தில் இருந்தாலும் நீங்கள் நாகர்கோவிலிலேயே வழக்கைத் தொடங்கலாம், ரயில் ஏறத் தேவையில்லை. விற்பனையை நிறுத்தச் சொல்லித் தடையாணை கேட்கலாம். நஷ்டஈடோ, அவர் அடித்த லாபத்தின் கணக்கோ கேட்கலாம்.

இன்னொன்று குற்ற நடவடிக்கை. பொய்யாக அந்தப் பெயரைப் போடுவதற்கும், அப்படிப் போட்ட பொருளை விற்பதற்கும் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. டிஎஸ்பி அல்லது அதற்கு மேல் உள்ள போலீஸ் அதிகாரி வாரண்ட் இல்லாமலேயே சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றலாம். அதற்கு முன் பதிவாளரின் கருத்தை அவர் வாங்க வேண்டும். அதனால் புகார் கொடுக்கப் போகும்போது உங்கள் சான்றிதழ் நகல், போலிப் பொருள், அதன் பில், விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும்.

இந்தப் பதிவினால் கிடைக்காதவை எவை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு ஏமாற்றம்தான். இதில் கடன், மானியம், பென்ஷன் எதுவும் இல்லை; அவை வேறு திட்டங்களின் வேலை. டிசைனுக்கும் இது காவல் இல்லை. வேறு ஊரில் ஒருவர் அதே மாதிரி ராக்கொடியைச் செய்து ‘கெம்பு நகை’ என்று விற்றால் இந்தச் சட்டத்தில் அது குற்றமாகாது. நாகர்கோவில் என்ற பெயரை ஒட்டவைத்தால்தான் குற்றம். சட்டம் காப்பது ஊரோடு சேர்ந்த பெயரைத்தான்.

வெள்ளியின் சுத்தத்துக்கும் இது சான்று இல்லை, அது ஹால்மார்க்கின் வேலை. வெள்ளி நகைக்கும் ஹெச்யூஐடி என்ற, ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாள எண்ணோடு கூடிய ஹால்மார்க் முறை 2025 செப்டம்பர் 1 முதல் வந்திருக்கிறது. தங்கத்தைப் போலக் கட்டாயமாக இல்லாமல், விருப்பத்தின் பேரில் வந்தது. ஹால்மார்க் உலோகத்தைச் சொல்லும், புவிசார் குறியீடு ஊரையும் கைவேலையையும் சொல்லும். வாடிக்கையாளர் கேட்டால் இந்த வித்தியாசத்தை இரண்டு வார்த்தையில் விளக்கிவிடுங்கள், மதிப்பு கூடும்.

நாகர்கோவிலை வைத்துத்தான் எழுதினேன். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒடிசாவில் கட்டக்கின் வெள்ளிக் கம்பி வேலைக்கும் தெலங்கானாவில் கரீம்நகரின் வெள்ளிக் கம்பி வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவரும் இதே ஜி.ஐ.-3 படிவத்தைத்தான் கிண்டிக்கு அனுப்ப வேண்டும்.

கடைசியாக, பதிவு எவ்வளவு காலம் செல்லும் என்பது. பயனாளர் பதிவு 10 வருடம் செல்லும். அதற்கு முன்பே ‘ஏ’ பகுதியில் உள்ள மூலப் பதிவு காலாவதியானால் அதோடு இதுவும் முடியும். இரண்டையும் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதனால் உங்கள் தேதியை மட்டும் குறித்து வைக்காமல் மூலப் பதிவின் தேதியையும் சான்றிதழின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். இந்த உரிமையை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, இன்னொருவருக்கு உரிமம் கொடுக்கவும் முடியாது. வட்டிக்குக் கடன் கொடுத்தவர் பட்டறையை எழுதி வாங்கினாலும் இதை எழுதி வாங்க முடியாது. பயனாளர் இறந்தால் மட்டும் உரிமை அவருடைய வாரிசுக்குப் போகும். சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.