அப்படி ஒரு டெஸ்ட் கிடையாதும்மா

ஓ.பி. முடியும் நேரத்தில் ஓர் அம்மாவும் அவருடைய 23 வயது மகளும் வந்தார்கள். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மகளுக்கு முழங்காலில் நல்ல சிராய்ப்பு. அதைக் காட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"தையில கல்யாணம் வச்சிருக்கோம் டாக்டரம்மா. விழுந்ததுல அங்க ஒண்ணும் ஆகலையான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்களேன்."

மகள் டோக்கன் சீட்டை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

மகளிர் மருத்துவம் பார்க்கும் எங்களுக்கு இது பழகிப்போன கேள்வி. சுற்றி வளைத்துக் கேட்பார்கள், கேட்பது என்னவோ ஒன்றுதான்: பெண் இன்னும் கன்னிதானா?

பாதிக் குழப்பம் 'கன்னித்திரை' என்ற பெயரிலேயே இருக்கிறது. திரை என்றாலே அது மூடியிருக்கும், கிழியும், கிழிந்தால் ரத்தம் வரும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில் அது பெண்ணுறுப்பின் வாயில் வளையம் போலவோ பிறை போலவோ இருக்கும் மெல்லிய சவ்வு மடிப்பு. மூடியிருந்தால் மாதவிடாய் எப்படி வெளியே வரும்? அபூர்வமாகச் சிலருக்குப் பிறவியிலேயே மூடியிருப்பதுண்டு. தீட்டு உள்ளேயே தேங்கி, மாதாமாதம் வயிற்றுவலியோடு வருவார்கள். சின்ன ஆபரேஷன் செய்து திறந்துவிடுவோம். திரை என்ற சொல் பொருந்துவது அந்தக் குறைபாட்டுக்கு மட்டும்தான். ஸ்வீடனில் ஒரு பாலியல் கல்வி அமைப்பு 2009இல் இதே மாதிரியான தங்கள் பழைய சொல்லை விட்டுவிட்டு, வளையம் என்ற பொருள் வரும்படி புதுச்சொல் கொண்டுவந்தது. நமக்கும் ஒன்று வேண்டும்.

முதல் உறவில் எல்லாருக்கும் ரத்தம் வரும் என்பதில்லை. உறவு நடந்ததா என்று பரிசோதித்தும் கண்டுபிடிக்க முடியாது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கர்ப்பமாக இருந்த 36 பதின்வயதுப் பெண்களின் பரிசோதனைப் படங்களை மருத்துவர்கள் பார்த்தார்கள். உறவு நடந்ததற்கான திட்டவட்டமான அடையாளம் இருந்தது இரண்டு பேரிடம்தான். கர்ப்பிணிகளிடமே தெரியாத ஒன்றை ஸ்கூட்டியிலிருந்து விழுந்த பெண்ணிடம் நான் எங்கே தேடுவது?

ஆனாலும் அம்மாக்களை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் வராது. சட்ட மருத்துவத் தேர்வுக்காக 'கன்னித்தன்மையின் அடையாளங்கள்' என்று நாங்களே மனப்பாடம் செய்தவர்கள்தானே. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம், ஏற்கெனவே உறவுக்குப் பழகியவர்களா என்று பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் சோதனை' செய்யும் மருத்துவர் தவறிழைத்தவராகவே கருதப்படுவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு, மருத்துவப் படிப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கும் தேசிய மருத்துவ ஆணையமும் அந்தப் பாடம் அறிவியலுக்குப் புறம்பானது என்று திருத்தியது. சரி, தீர்ந்தது என்று பார்த்தால், 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த புதிய பாடத்திட்டத்தில் அதே கன்னித்தன்மை திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. கூடவே, பெண்ணைப் பெண் விரும்புவது 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்ற பழைய வரியும். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடித்த புதிதில் இப்படி வந்த ஓர் அம்மாவிடம், பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அதே அம்மா தன் தங்கை மகளைக் கூட்டிவந்தார். "இந்த டாக்டரம்மா பாத்தாலே சொல்லிடுவாங்க" என்று தங்கையிடம் என்னைக் காட்டினார். அதற்கப்புறம் அந்தப் பொய்யை நான் சொன்னதில்லை.

இந்த முறை அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகளிடம் கேட்டேன், வேறெங்காவது வலியோ ரத்தமோ இருக்கிறதா என்று. "முட்டி மட்டும்தான் எரியுது டாக்டர்." அம்மா கேட்ட மாதிரி பார்க்கவா என்றதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினாள். 23 வயசுப் பெண். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அம்மாவை உள்ளே அழைத்து, அப்படி ஒரு டெஸ்டே கிடையாதும்மா என்றேன். முடிக்குப் போடும் துணி ரப்பர் பேண்டை மகளிடமிருந்து வாங்கி அவர் கையில் கொடுத்து, "இந்த மாதிரிதான் இருக்கும், இழுத்துப் பாருங்க" என்றேன். இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். பத்து நிமிஷம் பேசினோம்.

"சரிங்க டாக்டரம்மா, புரியுது," என்றார். "இருந்தாலும் ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா மனசுக்கு ஒரு திருப்தி."

முட்டியைப் பார்த்தேன். மண்ணைக் கழுவித் துடைத்து, டி.டி. ஊசி போட்டு அனுப்பினேன்.