இரண்டு கம்பளி, ஒரு தார்ப்பாய், நடுவில் ஒரு குதிரை

இந்த ஜனவரியில் இப்படி ஒரு போர்வைக் கேஸ் இது மூன்றாவது. மூணாறுக்கு மேலே ஹோம்ஸ்டே நடத்தும் தம்பி ஒருவர், ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கிய முதல் குதிரை, "நாலு நாளா முதுகைத் தொடவே விடமாட்டேங்குது டாக்டர்" என்று கூப்பிட்டார். போனேன். மதியம் ஒரு மணி, சுள்ளென்று வெயில். குதிரை மேல் விருந்தினர் அறைக் கம்பளி இரண்டு, அதற்கு மேல் நீலத் தார்ப்பாய், வயிற்றைச் சுற்றி நைலான் கயிறு. அவிழ்த்ததும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி. முடி சொதசொதவென்று இருந்தது, லேசாக இழுத்தாலே பொருக்கோடு கொத்தாகக் கையில் வந்தது. ஈரத்தில் பிடிக்கும் தோல் தொற்று, வேறென்ன.

"ராத்திரி காதைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு, பாவமா இருந்துச்சு."

தம்பி, உங்களுக்குக் குளிர்ந்தால் குதிரைக்கும் குளிரும் என்று யார் சொன்னது? ஸ்வெட்டரும் மப்ளருமாக நிற்பது நீங்கள். அதற்குக் குளிரும்போது முடி சிலிர்த்து எழும், இடையில் காற்று தங்கும், கம்பளி அதுதான். மேலே கனமாக எதையாவது போட்டு முடியைப் படிய வைத்தால், இருந்த கம்பளியையும் நீங்களே பிடுங்கிவிடுகிறீர்கள். நனையாமல், காற்றடிக்காமல் நின்றால் சாதாரண முடியுள்ள குதிரைக்கே ஏறக்குறைய 5 டிகிரி வரை கவலையில்லை, அடர்ந்த முடி இருந்தால் உறைபனியையும் தாங்கும். காதை விடுங்கள், அது சில்லென்றுதான் இருக்கும்.

போர்வைக்கு முன்னால் தீனியைப் பாருங்கள். காய்ந்த புல் பெருங்குடலில் புளிக்கும்போது வரும் சூடுதான் ராத்திரியைத் தாண்ட வைக்கும். 300 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 5, 6 கிலோ, அதில் பெரும்பங்கு சாயங்காலம். தண்ணீர் வெதுவெதுப்பாக. கொள்ளு சூடு என்று அள்ளிப் போடாதீர்கள், வயிற்றுவலிக்கு நடுராத்திரியில் என்னைத்தான் எழுப்புவீர்கள்.

சரி, யாருக்குப் போர்வை வேண்டும்? கிழடு, எலும்பு தெரிகிறது, நோயில் கிடக்கிறது, முடி வெட்டியது, சமவெளியிலிருந்து இப்போதுதான் வந்து குட்டை முடியோடு முதல் குளிரைப் பார்ப்பது. அப்புறம் கார்த்திகை அடைமழையில் காற்றும் சேர்ந்து, ஒதுங்கக் கூரையில்லாமல் நிற்பது. வாங்கும்போது நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டில் வால் வரை டேப் வைத்து அளந்து வாங்குங்கள். பெரிதாக இருந்தால் நழுவிக் காலில் சிக்கும், சிறிதாக இருந்தால் தோள் தேயும். வெளியில் போடுவது மழையை நிறுத்தவும் வேண்டும், உள்ளே வரும் வியர்வை ஆவியை வெளியே விடவும் வேண்டும், தார்ப்பாய் இரண்டாவதைச் செய்யாது. பனி கொட்டும் ஊர்களுக்குத் தைத்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் பஞ்சு வைத்ததை ஆன்லைனில் பார்த்து ஆசைப்பட வேண்டாம், நம் பக்கத்துக்குப் பஞ்சில்லாத மெல்லியதே போதும்.

நனைந்த குதிரைக்கு மேல் போடாதீர்கள். வெயில் ஏறியதும் கழற்றுங்கள், தினமும், தயவுசெய்து. தோள் பக்கம் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் போர்வை அதிகம். அப்படியே விலாவையும் தடவுங்கள், போர்வைக்குள்ளேயே இளைத்துப்போன குதிரைகளைப் பார்த்திருக்கிறேன்.

பொருக்கு பிடித்த குதிரையின் போர்வை இன்னொரு குதிரைக்குப் போகக்கூடாது. தம்பி, அந்த இரண்டு கம்பளியையும் துவைத்து விருந்தினர் அறைக்கே போட்டுவிடலாமா என்று கேட்டீர்களே, வேண்டாம்.