இயங்குதளத்தை எப்போது மாற்றுவது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 என்ற இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. மறுநாள் காலையிலும் கோடிக்கணக்கான கணினிகள் அதே விண்டோஸ் 10இல்தான் கண்விழித்தன. கோப்புகள் வைத்த இடத்தில் இருந்தன, பிரவுசர் திறந்தது, பிரிண்டர் அச்சடித்தது. எதுவும் கெட்டுப்போகாதபோது ஏன் மாற வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆதரவு நின்றபின் கணினிக்குள் என்ன நேர்கிறது என்று தெரிந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

ஓர் இயங்குதளத்தில் கோடிக்கணக்கான வரிகளில் நிரல் இருக்கிறது. மனிதர்கள் எழுதியது என்பதால் அதில் பிழைகள் இருந்தே தீரும். பெரும்பாலான பிழைகளால் எரிச்சலைத் தவிர வேறு கேடில்லை. சில பிழைகள் மட்டும் வெளியாள் உள்ளே நுழைய இடம் கொடுத்துவிடுகின்றன. அப்படிப்பட்டவற்றைத் திருத்தி, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் வெளியிடுகிறது. அன்றைக்குத் திருத்தத்தை இறக்கிக்கொள்பவர்களில் கணினியைக் காக்க நினைப்பவர்களும் உண்டு, தாக்க நினைப்பவர்களும் உண்டு.

தாக்க நினைப்பவர் செய்வது இதுதான். திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து, எந்தப் பகுதி மாறியிருக்கிறது என்று அதற்கென்றே உள்ள மென்பொருளால் ஒப்பிடுகிறார். நிரலின் சிறு பகுதிகளான ஆயிரக்கணக்கான செயற்கூறுகளில் ஒன்றிரண்டு மட்டுமே மாறியிருக்கும். அவற்றைத் திறந்து பார்த்தால், வரும் தரவின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு வரி புதிதாக முளைத்திருப்பது தெரியும். அப்படியென்றால் நேற்றுவரை நீளத்தை யாரும் சரிபார்க்கவில்லை. ஒதுக்கிய இடத்தைவிட நீளமான தரவை அனுப்பினால், அது பக்கத்து நினைவகத்தின் மேல் வழிந்து, அனுப்பியவரின் கட்டளையாகவே ஓடக்கூடும். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைத் திருத்தமே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆதரவு உள்ள இயங்குதளத்தில் ஓட்டையும் அதை அடைக்கும் திருத்தமும் ஒரே நாளில் தெரியவருகின்றன. ஆதரவு முடிந்ததற்கு நிலைமை வேறு. விண்டோஸ் 11இன் பல பகுதிகள் விண்டோஸ் 10இலிருந்து வந்தவை. அங்கே அடைக்கப்படும் ஓட்டை இங்கேயும் இருக்க வாய்ப்புண்டு. அதன் இடத்தை உலகம் அறிந்துகொள்ளும், அடைக்கும் திருத்தம் மட்டும் வராது. மாதாமாதம் இந்தப் பட்டியல் நீளுமே தவிரக் குறையாது. முதல் வாரத்தில் ஆபத்து மிகச் சிறியது, இரண்டு ஆண்டுகளில் மிகப் பெரியது. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்ற சமாதானம் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது.

2017இல் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஒரு பழைய ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்று வெளிவந்தது. ஒரு மாதம் கழித்து, அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று வானாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் அதே ஓட்டை வழியாகப் பரவி, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. 2014இலேயே ஆதரவு முடிந்துபோயிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. ஆனால் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதற்கு அப்போது ஆதரவு இருந்தது, திருத்தமும் இரண்டு மாதங்களாகக் காத்திருந்தது, நிறுவத்தான் ஆளில்லை. ஆகவே புதிய பதிப்புக்கு மாறிவிட்டுத் திருத்தங்களைத் தள்ளிப்போடுகிறவர், மாறியதன் பயனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார்.

மாற்றத்தால் என்ன கெடும் என்ற அச்சமும் வெறும் கற்பனையில்லை. பழைய கணக்கு மென்பொருள் புதிய இயங்குதளத்தில் ஓடும், அதே வயதுள்ள ஸ்கேனர் செத்துக் கிடக்கும். ஏன் இப்படி என்று புரிய, இயங்குதளத்தின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நினைவகம், வட்டு, ப்ராசஸர் ஆகியவற்றை நேரடியாக ஆளும் உரிமை இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்கு மட்டுமே உண்டு. நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் அதற்கு வெளியே, உரிமை குறைந்த பகுதியில் ஓடுகின்றன. ஒரு கோப்பைச் சேமிக்க வேண்டுமென்றால் கெர்னலிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தின் வடிவம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. அதை மாற்றாமல் காப்பதில் இயங்குதளம் எழுதுவோர் பெரும் அக்கறை காட்டுகிறார்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் கெர்னலை நடத்தும் லினஸ் டோர்வால்ட்ஸ், கெர்னலில் செய்யும் எந்த மாற்றத்தாலும் மென்பொருள்கள் முறியக்கூடாது என்பதைக் கறாரான விதியாகவே வைத்திருக்கிறார். இன்றைய 64 பிட் விண்டோஸில் பழைய 32 பிட் மென்பொருள்களின் விண்ணப்பங்களை மொழிபெயர்த்துத் தருவதற்கென்றே ஓர் அடுக்கு இருக்கிறது. இருபது வயதுக் கணக்கு மென்பொருள் இன்னும் ஓடுவது அதனால்தான்.

பிரிண்டர், ஸ்கேனர் போன்ற கருவிகளை இயக்கும் நிரல்களான டிரைவர்களின் கதை வேறு. கருவிகளோடு பேச வேண்டியிருப்பதால், அவற்றில் பல கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கின்றன. அங்கே மொழிபெயர்ப்பு அடுக்கு எதுவும் கிடையாது. 64 பிட் கெர்னலுக்குள் 32 பிட் டிரைவர் நுழையவே முடியாது. விண்டோஸ் 11இலோ 32 பிட் பதிப்பே இல்லை. கெர்னலின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் டிரைவரையும் யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும். ஸ்கேனரைச் செய்த நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டால் திருத்த ஆளில்லை. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது கிராஃபிக்ஸ், ஒலி டிரைவர்களின் கட்டமைப்பே மாறியது. புதிய டிரைவர்கள் முதிர்வதற்கு முன்பே பதிப்பு வெளியாகிவிட்டதால், அந்தப் பதிப்புக்கு வந்த கெட்ட பெயர் கடைசிவரை போகவில்லை.

ஆகவே மாறுவதற்கு முன் முதலில் தேட வேண்டியது டிரைவர்களை. பிரிண்டர், ஸ்கேனர், ஒலிப்பதிவுக் கருவி, அளவீட்டுக் கருவி என்று கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் ஒவ்வொன்றுக்கும், அதைத் தயாரித்தவரின் தளத்தில் புதிய பதிப்புக்கான டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள்களுக்கு அவ்வளவு கவலை வேண்டாம். இதற்கும் விதிவிலக்கு உண்டு. 2019 அக்டோபரில் வந்த மேக்ஓஎஸ் காட்டலினாவில் ஆப்பிள் 32 பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்தியது. நேற்றுவரை ஓடிய விளையாட்டுகளும் எழுத்துக் கருவிகளும் ஒரே மேம்படுத்தலில் திறக்காமல் போயின.

அடுத்தது, கணினியே தகுதியற்றது என்று சொல்லப்படும் சிக்கல். விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி வட்டும் பெரிய விஷயமில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன ப்ராசஸரும்தான் பலரைத் தடுக்கின்றன. நன்றாக ஓடும் கணினியை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் இந்த நிபந்தனைக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது.

கணினி தொடங்கும்போது ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கைரேகை எண் கணக்கிடப்பட்டு டிபிஎம்மில் பதிவாகிறது. யாராவது தொடக்க நிரலை மாற்றியிருந்தால் எண் பொருந்தாது, வட்டைத் திறக்கும் சாவியை டிபிஎம் தர மறுத்துவிடும். ப்ராசஸரின் பங்கு இதைவிடச் சுவையானது. நினைவகக் காப்பு என்ற வசதியில், கெர்னலையே நம்பாத இன்னொரு சிறு காவல் அடுக்கு அதன் அடியில் ஓடுகிறது. கையொப்பம் சரிபார்க்கப்படாத எந்த நிரலும் கெர்னல் நினைவகத்தில் ஓடாமல் அது பார்த்துக்கொள்கிறது. ஒரு நினைவகப் பக்கத்தை மென்பொருள் இயக்கலாம், கெர்னல் இயக்கக்கூடாது என்று தனித்தனியாகக் குறிக்கும் வசதி இன்டெல்லில் 7ஆம் தலைமுறையிலும் ஏஎம்டியில் ஸென் 2இலும் வன்பொருளாகவே வந்தது. அதற்கு முந்தைய ப்ராசஸர்களில் இதே வேலையை மென்பொருளால் பாவனை செய்ய வேண்டும், வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். பழைய கணினியில் புதிய பதிப்பு தவழ்வதாக எழும் புகார்களில் ஒரு பகுதிக்கு இது காரணம். சுழலும் ஹார்டு டிஸ்க்கிலேயே இயங்குதளத்தை வைத்திருப்பதும் இன்னொரு காரணம். பின்னணியில் நடக்கும் நூற்றுக்கணக்கான சிறு வாசிப்புகளுக்கு அதன் வாசிக்கும் முள் ஓடி ஓடி ஈடுகொடுக்க முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டுக்கு மாற்றினாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

நிபந்தனைகளைச் சுற்றிக்கொண்டு நிறுவும் வழிகள் உண்டு. அன்றாட வேலைக்கான கணினியில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, ப்ராசஸரில் சில கட்டளைகள் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது. அதுவரை குறுக்குவழியில் ஓடிக்கொண்டிருந்த இன்டெல் கோர் 2 ப்ராசஸர் காலத்துக் கணினிகளில் அந்தப் பதிப்பு தொடங்கவே தொடங்காது. தகுதியில்லாத கணினிக்கு அடுத்த மேம்படுத்தல் வருமா என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

தகுதி இருக்கிறது, டிரைவர்களும் கிடைக்கின்றன என்றால், வெளியான வாரத்திலேயே மாறலாமா? வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலை மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆவணக் கோப்புறையை வேறு வட்டுக்குத் திருப்பிவிட்டு, பழைய கோப்புறையிலும் சில கோப்புகளை வைத்திருந்தவர்களின் கணினியில், பழைய கோப்புறை இனித் தேவையற்றது என்று முடிவுகட்டி அதை உள்ளிருந்த கோப்புகளோடு அழித்துவிட்டது அந்த மேம்படுத்தல். திருத்தப்பட்ட பதிப்பு நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளிவந்தது. இப்படிப்பட்ட பிழை சோதனைக் கூடத்தில் எளிதில் சிக்காது. பல ஆண்டுகளாக ஒருவர் தன் விருப்பப்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்திய கணினிகளில்தான் அது வெளிப்படும். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு இதை உணர்ந்தே நடந்துகொள்கிறது. ஐந்தாண்டு ஆதரவுள்ள ஒரு பதிப்பில் இருப்பவர்களுக்கு, அடுத்த நீண்டகாலப் பதிப்பு வந்தாலும் அதன் முதல் திருத்தப் பதிப்பு வெளியாகும்வரை சில மாதங்கள் மாற்ற அழைப்பே போகாது.

எனவே நல்ல காலம், புதியது வந்து சில மாதங்கள் கழிந்த பிறகும் பழையதன் ஆதரவு முடிவதற்கு முன்பும் இருக்கும் இடைவெளி. விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர் 5. விண்டோஸ் 10இன் ஆதரவு முடிந்தது நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. அவசரப்படவோ அசட்டையாக இருக்கவோ தேவையில்லாத அளவுக்கு நீண்ட இடைவெளி அது.

அதைத் தவறவிட்டவர்களுக்கும் வழிகள் உண்டு. தனிநபர்களின் விண்டோஸ் 10 கணினிகளுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிரவுசரும் எழுத்து வேலையும் போதும் என்பவருக்கு லினக்ஸ் உண்மையிலேயே நல்ல மாற்று. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வளர்வதால், தயாரித்தவர் கைவிட்ட பல பழைய கருவிகள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு யூஎஸ்பியிலிருந்து தொடங்கி, வட்டைத் தொடாமலே வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடலாம். பழைய அளவீட்டுக் கருவி ஒன்றுக்காகவே வைத்திருக்கும் கணினியென்றால் அப்படியே விட்டுவிடுங்கள், ஆனால் இணையத்திலிருந்து முற்றிலும் துண்டித்துவிடுங்கள்.

மாறுவது என்று முடிவு செய்தால், தனி வட்டில் கோப்புகளின் நகல் எடுப்பது முதல் வேலை. நகலைத் திறந்து பார்க்கும்வரை அது நகலில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாவியில்லாமல் படிக்க முடியாதபடி வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பல மடிக்கணினிகளில் பயனருக்குத் தெரியாமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். தொடக்க நிரலிலோ அமைப்புகளிலோ ஏதாவது மாறி, டிபிஎம் சாவியைத் தர மறுத்தால், 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாது. அந்த எண்ணை அதே கணினியில் சேமித்துப் பயனில்லை, தாளில் எழுதி வையுங்கள்.

நிறுவல் தொடங்கியதும் கணினி பலமுறை அணைந்து எழும். ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் தன்னைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், இடையில் ஒரு சிறிய தற்காலிக இயங்குதளம் பொறுப்பேற்கிறது. அது பழைய விண்டோஸை அழிப்பதில்லை, விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறைக்கு நகர்த்துகிறது. ஒரே வட்டுக்குள் நகர்த்தும்போது தரவு இருந்த இடத்திலேயே இருக்கும், அட்டவணையில் அதன் முகவரி மட்டும் மாறும். பல ஜிபி கொண்ட பழைய இயங்குதளம் சில நொடிகளில் ஒதுங்கிக்கொள்வது இப்படித்தான். புதியது எழ மறுத்தால் பழைய முகவரிகள் மீண்டும் எழுதப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 7 முதல் பல கைபேசிகளில் இந்த ஏற்பாடு இன்னும் தூய்மையானது. இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கி, ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றொன்றில் புதியதை எழுதிவிடுகிறார்கள்.

விண்டோஸில் பழையதற்குத் திரும்பும் வழி வழக்கமாக 10 நாட்கள்தான் திறந்திருக்கும். பிறகு விண்டோஸ்.ஓல்ட் கோப்புறை தானாகவே அழிக்கப்பட்டுவிடும். எனவே மாதத்துக்கொருமுறை மட்டும் தொடும் மென்பொருளையும், எப்போதோ இணைக்கும் ஸ்கேனரையும், மறந்துபோன ஒலிப்பதிவுக் கருவியையும் அந்தப் 10 நாட்களுக்குள் ஒருமுறையாவது இயக்கிப் பார்த்துவிடுங்கள்.